குளிர்ப் பங்கு

தூத்துக்குடியில் இரவும் பகலும் வீட்டுக்கு வீடு குளிர் வரும், எல்லாம் பவளத்துக்குத்தான். சுவருக்குள் ஓடும் குழாயில் குளிர்நீர் கொறகொறவென்று வந்து, மீன்தொட்டியின் அடியைச் சுற்றிவிட்டுப் போகும். விடியற்காலையில் வீட்டு ஆட்கள் வரிசையாக வந்து தொட்டியின் கண்ணாடியில் கன்னத்தை ஒட்டிக்கொள்வார்கள். ஆளுக்கு இரண்டு மூச்சு. அதற்கு மேல் நின்றால் தொட்டி சூடாகிவிடும்.

கடல் வெந்நீராகக் கிடந்த காலம் அது. அதில் பவளம் பிழைக்காது என்றானதும் அரசாங்கம் பாறைகளை உடைத்து, வீட்டுக்கு ஒரு துண்டு, அதோடு ஒரு மீன் என்று தத்துக் கொடுத்தது. குடும்ப அட்டையில் ஆட்களின் பெயருக்குக் கீழே பவளமும் ஏறியது. வானத்தில் நிழல்விரிப்புக் கட்டி முடித்துக் கடல் ஆறியதும் திருப்பித் தந்துவிட வேண்டும். சாகவிட்டவன் பெயரை அட்டையிலிருந்து அடித்துவிடுவார்கள். அப்புறம் அவனுக்குக் குடிதண்ணீர்கூடக் கிடையாது. குளிர்ப் பங்கு பவளத்துக்கு மட்டும். மனுசனுக்கு இல்லை.

மிக்கேல் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் ஆலையில் இரவு வேலை பார்ப்பவன். சட்டிபோல் காயும் வீட்டில் பகலில் தூங்கியாக வேண்டும். அவன் மனைவி கித்தேரி, கிளைகிளையாக வளர்ந்த அந்தப் பவளத்தைப் 'பொண்ணு' என்பாள். கிளைகளுக்குள் படுக்கும் விரலளவு நீல மீன் 'மாப்ள'. "வீட்டோட மாப்ளயப் பாருங்க, பொண்டாட்டிய விட்டு நகரமாட்டேங்கான்" என்று சிரிப்பாள்.

ஒரு மதியம் மிக்கேலால் முடியவில்லை. குழாயின் திருகைத் திருப்பிக் குளிரைக் கட்டிலுக்கு அடியில் விட்டுக்கொண்டான். ஒரு மதியம்தானே. மறுநாளும் ஒரு மதியம்தான். ராத்திரியெல்லாம் தொட்டிக்குத்தானே போகிறது, பாதிக் குளிரில் தாங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

பவளம் தாங்கவில்லை. சூடு ஏறினால் அது தன் சதைக்குள் குடியிருக்கும் பாசியைத் துப்பிவிடும். நிறம் கொடுப்பதும் சோறு போடுவதும் அந்தப் பாசிதான். கித்தேரி தன் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அது எலும்பு மாதிரி வெளுத்து நின்றது.

மிக்கேல் சந்தைக்கு ஓடினான். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் பவளம் கேட்டான். கடைக்காரன் எதற்கென்று கேட்கவில்லை. "கெளகெளயா இருக்கதா, மூள மாதிரி மடிப்பா இருக்கதா?" என்று கூடையைத் தள்ளினான். கூடை நிறைய இருந்தது. இருந்த பதற்றத்தில், இத்தனை எதற்கு என்று மிக்கேலுக்குத் தோன்றவில்லை.

வெளுத்ததை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக்கைத் தொட்டியில் வைத்தான். மீன் மட்டும் ஏமாறவில்லை. மூலையில் மணலில் போய்ப் படுத்தது.

"மாப்ள ஏன் கோவிச்சுக்கிட்டு மண்ணுல படுக்காரு?" என்றாள் திரும்பி வந்த கித்தேரி.

மிக்கேல் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டான். அன்றே திருகைத் தொட்டிக்குத் திருப்பிவிட்டான். அதன்பிறகு ஒவ்வொரு மதியமும் பிளாஸ்டிக்குக்குக் குளிரூட்டிக்கொண்டு, தான் வேர்வையில் கிடந்தான். அவள் அதோடு பேசுவது காதில் விழும்போதெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

நிழல்விரிப்பு விரிந்தது. கடல் ஆறியது. திருப்பிக் கொடுக்கும் நாளில் ஊரே துறைமுகத்தில் நின்றது. ஆளாளுக்குக் கையில் ஈரத்துணி மூடிய பெட்டி. தண்ணீரை விட்டு எடுத்த பவளம் கோழை விடும், கடல் கவிச்சி குப்பென்று அடிக்கும். இத்தனை ஆயிரம் பெட்டிக்கு மூக்கைப் பொத்த வேண்டும். ஆனால் துறைமுகம் முழுக்கப் பெயின்ட் வாசம்தான் அடித்தது.

மேசையில் ஓர் இளம்பெண் அதிகாரி. கையில் உயிர்க்கோல், உயிருள்ளதைத் தொட்டால் பச்சை விளக்கு எரியும். மிக்கேலின் முறை வந்தது.

"மேடம், இதுல உயிரு இல்ல. நாந்தான் கொன்னுட்டேன்."

அவள் கோலை மேசைக்குக் கீழே இறக்கினாள். "சத்தம் போடாதீங்க அண்ணாச்சி. காலையில இருந்து இது ஒரு தடவகூட எரியல."

"எல்லாமேயா?"

"எங்க வீட்டுதும் சேத்துத்தான். வைங்க, வைங்க, பின்னால ஆள் நிக்காங்க."

மிக்கேல் திரும்பினான். கித்தேரி மீன் வாளியோடு நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"நீங்களா கொன்னீய?" என்றாள். "நான்லா கொன்னேன்னு நெனச்சேன். நீங்க வேலைக்குப் போனதும் ராத்திரி நாந்தான் குளிரக் கட்டிலுக்குத் திருப்பிக்கிடுவேன். பகல் பூரா தொட்டிக்குப் போவுதே, தாங்கும்னு…"

"ஏட்டி, அப்ப இது பிளாஸ்டிக்குன்னு…"

"தெரியும். என் தப்ப மறைக்கத்தான் வாங்கி வச்சீயன்னு நெனச்சேன். மனசுக்குள்ள உங்களக் கும்பிட்டேன்."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒருவர் மட்டும் திருடியிருந்தால் அது பிழைத்திருக்கும்.

படகுகள் பெட்டிகளைக் கடலில் கவிழ்த்தன. சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாகக் கடலடியில் ஒரு மலை எழும்பியது. மீன்களையும் விட்டார்கள். மாப்ள அந்த மலையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. உள்ளே நுழையாமல் திரும்பி வந்து படகின் நிழலில் ஒண்டிக்கொண்டது. 'கடலுக்கு உயிர் தந்த மக்களே! தொட்டியின் குளிர்ப் பங்கை இனி நீங்களே வைத்துக்கொள்ளலாம்' என்றது ஒலிபெருக்கி. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அப்போது கரையோரம் நின்ற ஒரு பெரியவரின் கையிலிருந்து மிட்டாய் சுற்றிய தாள் காற்றில் பறந்து தண்ணீரில் விழுந்தது. பளபளக்கும் பிளாஸ்டிக் தாள். கூட்டமே திரும்பியது.

"ஓய், அறிவிருக்கா உமக்கு? கடல்ல பிளாஸ்டிக்கப் போடுதீரு?"

எல்லாருடைய குரலுக்கும் மேலே கேட்டது மிக்கேலின் குரல்தான். "ஒம்ம மாதிரி ஆளுகளாலதான் இந்தக் கடல் செத்துச்சு!" என்று கத்தினான். கித்தேரியும் சேர்ந்து கத்தினாள். அந்த அதிகாரி ஓடிவந்து பெரியவருக்கு அபராதம் போட்டாள். அவர் தலைகுனிந்து நின்றார். கத்தி முடித்ததும், மாதக்கணக்கில் நெஞ்சில் கிடந்த பாரம் மிக்கேலுக்குச் சற்று இறங்கியது.

அன்று மதியம் திருகைக் கட்டிலுக்குத் திருப்பிவிட்டு இருவரும் நன்றாகத் தூங்கினார்கள்.