கடைசி விரல்

நாடே பயன்படுத்தும் பொதுவுலாவியின் மேற்பட்டையில் அன்று காலையிலும் அதே மன்னிப்பு தோன்றியது. ‘அன்பார்ந்த பயனரே, அடுத்த வடிவ மாற்றம் சற்றே தாமதமாகிறது. பொறுத்தருள வேண்டுகிறோம்.’ ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களும், மருத்துவரின் அழைப்புக்குக் காத்திருந்தவர்களும், நடுக்கடலில் விசைப்படகு ஓட்டிக்கொண்டிருந்தவர்களும் அதைப் படிக்காமலேயே விரலால் ஒதுக்கித் தள்ளினார்கள். மூன்று ஆண்டுகளாக அப்படித்தான் தள்ளிவந்தார்கள்.

தாமதத்துக்குக் காரணம் ஒரு சட்டம். முன்னொரு காலத்தில் உலாவியின் முகப்பை ஒரே இரவில் அடியோடு மாற்றிவிட்டார்கள். மறுநாள் காலையில், அவசர ஊர்தியை அழைக்கும் பொத்தான் எங்கே போயிற்று என்று தெரியாமல் பலர் திகைத்து நின்றார்கள். அந்தத் திகைப்பு தீர்வதற்குள் சிலருடைய வீடுகளில் உயிர் பிரிந்துவிட்டது. அதன் பிறகு வந்ததுதான் கடைசி விரல் விதி. ஒரு மாற்றத்துக்கு நாட்டின் கடைசிப் பயனரும் பழகிய பின்னரே அடுத்த மாற்றத்தை வெளியிடலாம். பழகினாரா இல்லையா என்பதைத் தயக்கமானி சொல்லும். ஒவ்வொரு திரைக்குள்ளும் பதிக்கப்பட்டிருந்த அந்த நுண்கருவி, ஒரு பொத்தான் கண்ணில் படுவதற்கும் விரல் அதைத் தொடுவதற்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்தது. நேரம் நீண்டால் தயக்கம், சுருங்கினால் பழக்கம்.

மிகவும் கருணையான விதி. எனினும் அதை யாராலும் பொறுத்துக்கொள்ள இயலவில்லை.

பொதுவுலாவி வாரியத்தின் மாற்றப் பிரிவில் துணை வடிவமைப்பாளராக இருந்த இளநங்கையின் மேசைக்கு முறையீடுகள் வந்து குவிந்தன. ‘எழுத்தைப் பெரிசு பண்ணுங்கன்னு கேட்டேன். நீங்க பண்றதுக்குள்ள எனக்குக் கண் ஆபரேஷனே முடிஞ்சிருச்சு. இப்ப இருக்கிற எழுத்தே போதும், நன்றி’ என்று ஒரு பெரியவர் எழுதியிருந்தார். அதைப் படித்து அவள் சிரித்தாள். ஆனால் அவளும் ஒரு மாற்றத்துக்காகத்தான் காத்திருந்தாள்.

ஆழ்கடல் படகுகளின் திரையில் புயல் எச்சரிக்கை என்பது கீழ் மூலையில் தோன்றும் ஒரு சிவப்புப் புள்ளி மட்டுமே. வெயிலில் அது தெரியாது. பழைய வானொலிக் கருவிகளையோ, எல்லாம்தான் உலாவிக்குள் வந்துவிட்டதே என்று என்றைக்கோ கழற்றிவிட்டார்கள். எச்சரிக்கையை மேற்பட்டைக்குக் கொண்டுவந்து பெரிய எழுத்தில் காட்ட வேண்டும் என்று இளநங்கை வரைந்து கொடுத்திருந்த வடிவம் வரிசையில் முதலாவதாக நின்றது. மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. தயக்கமானிப் பலகையில் எல்லா விரல்களும் பச்சையாகிவிட்டன, ஒன்றைத் தவிர.

“தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு ஊரு. அமலோற்பவம்னு ஒரு அம்மா,” என்றார் பிரிவுத் தலைவர் பரிதி. “மூணு வருஷமா ஒரே ஒரு பொத்தான்ல நிக்கிறாங்க. நேர்ல போய் என்னன்னு பாருங்க, நங்கை. பாவம், வயசானவங்களா இருப்பாங்க.”

அமலோற்பவம் வயதானவரல்லர். ஐம்பதைத் தொட்ட, பருத்த உடலும் உரத்த குரலுமுடைய பெண்மணி. இளநங்கை சென்றபோது அவர் உலாவியில் மீன் ஏலம் எடுத்துக்கொண்டிருந்தார். இளநங்கையின் கண் பின்தொடர முடியாத வேகத்தில் அவருடைய விரல் திரையில் ஓடியது.

“நெத்திலிக்கு அந்த வெலயா? போடா, நீயே வச்சு அவிச்சுத் தின்னு,” என்று திரையிலிருந்த வியாபாரியிடம் சொல்லிவிட்டு அவர் நிமிர்ந்தார். “யாரு தாயி நீங்க? உக்காருங்க.”

இந்த விரலா கடைசி விரல்? இளநங்கைக்கு நம்பிக்கை வரவில்லை. கருவிதான் பழுதாகியிருக்க வேண்டும் என்று எண்ணினாள்.

மாலையில் அந்த வீட்டுத் திரை ஒலித்தது. ஆழ்கடல் படகுகளுக்கு நாளுக்கு ஒருமுறைதான் பேச்சுத்தொடர்பு கிடைக்கும். அமலோற்பவத்தின் மகன் ரெமிஜியுஸ் திரையில் தெரிந்தான்.

“என்னல, சாப்பிட்டியா?”

“சாப்பிட்டாச்சு. படகுல சமைக்கிற அண்ணன் வச்ச கொழம்ப சாப்பிட்டு உயிரோட இருக்கேன்னா பாத்துக்கோ.”

“கடல் எப்படிக் கெடக்கு?”

“மூலையில செவப்பு ஒண்ணுமில்லம்மா. சும்மா கெடக்கு.”

பேச்சு முடிந்தது. திரையில் விடைபெறும் பொத்தான் தோன்றியது. அமலோற்பவத்தின் விரல் அதன்மீது சென்று, தொடாமல் நின்றது. அவன் மறுபக்கம் புன்னகைத்தபடி இருந்தான். தொடர்பு தானாக அறுந்து திரை இருளும்வரை அந்த விரல் காற்றிலேயே இருந்தது.

“ஏம்மா அதை அழுத்தல?” என்று இளநங்கை மெல்லக் கேட்டாள்.

அமலோற்பவம் அவளை வியப்போடு பார்த்தார். “அதுல என்ன எழுதியிருக்கு, வாசிங்க.”

பொத்தானில் ‘போகிறேன்’ என்று எழுதியிருந்தது.

“கடல்ல கெடக்க பிள்ளகிட்ட, போறேன்னு சொல்லச் சொல்லுதியளா? உங்க வீட்டுல அப்படித்தான் சொல்லுவாவளோ?”

இளநங்கையின் முகம் வெளிறியது. முன்பு அந்த இடத்தில் வெறும் பெருக்கல் குறிதான் இருந்தது. அது முகத்தில் அடித்தாற்போல் இருக்கிறது, மனிதர் பேசுவதுபோல் ஒரு சொல் இருக்கட்டும் என்று அதை எழுதிக் கொடுத்தவளே அவள்தான். வாரியத்தில் பாராட்டினார்கள். அன்று காலை வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவள் தன் தாயிடம் ‘போயிட்டு வரேம்மா’ என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

வாசலுக்கு வந்து பரிதியை அழைத்தாள்.

“போய் வருகிறேன்னு மாத்திடலாம் சார். அவ்வளவுதான் சிக்கல்.”

“தாராளமா மாத்தலாம். அந்த அம்மா இதுக்குப் பழகின பிறகு.”

“சார், இந்தச் சொல் இருக்கிறவரைக்கும் அவங்க பழகமாட்டாங்க.”

“இந்தச் சொல்லுக்குப் பழகாதவரைக்கும் அதை மாத்த முடியாதும்மா. மாத்தறதும் ஒரு மாற்றம்தானே.”

எண்பது கோடி மக்களின் உலாவி, ஒரு தாய் மகனிடம் சொல்ல மறுக்கும் ஒரு சொல்லில் மூன்று ஆண்டுகளாகச் சிக்கி நிற்கிறது. அதை விடுவிக்க வேண்டுமென்றால் அவர் அந்தச் சொல்லைச் சொல்லியே தீர வேண்டும்.

“பழக்கிட்டு வாங்க, நங்கை. மழைக்கு முன்னாடி உங்க எச்சரிக்கைப் பட்டை படகுக்குப் போகணும்னா வேற வழியில்ல.”

இளநங்கை உள்ளே சென்று எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். அமலோற்பவம் பொறுமையாகக் கேட்டார்.

“மேல பெருசா எழுதிக் காட்டுனா அவன் பாத்துருவானா?”

“கண்டிப்பா பாப்பாரும்மா. தப்பவே தப்பாது.”

அவ்வேளையில் திரையின் மேற்பட்டையில் வாரியத்தின் மன்னிப்பு மீண்டும் தோன்றியது. அமலோற்பவம் அதன் பக்கம் திரும்பாமலேயே, ஈயை ஓட்டுவதுபோல் விரலால் தள்ளிவிட்டார். இளநங்கை அதைக் கண்டாள். அதில் கவனிக்க ஏதும் இருப்பதாக அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

“அவனுக்காகன்னா அழுத்துதேன்,” என்றார் அமலோற்பவம்.

ஒரு வாரம் தயங்காமல் அழுத்தினால் தயக்கமானி ஏற்றுக்கொள்ளும். முதல் மாலை அவர் கண்ணை மூடி, “மாதாவே, நான் சொல்லல, இந்த எந்திரந்தான் சொல்லுது,” என்று முணுமுணுத்துவிட்டு அழுத்தினார். அன்றிரவு அவர் உணவைத் தொடவில்லை. அடுத்த நாள்களில் முணுமுணுப்பு குறைந்தது. பிறகு கண்ணை மூடுவதும் நின்றது. வார இறுதியில், மகன் பேசி முடிப்பதற்கும் அவர் விரல் பொத்தானைத் தொடுவதற்கும் இடையே ஒரு மூச்சுக்குக்கூட இடமில்லாமல் போயிற்று.

பலகையில் கடைசி விரலும் பச்சையானது.

மாற்றம் வெளிவந்தது. மேற்பட்டையிலிருந்து மன்னிப்பு அகன்று, அந்த இடம் எச்சரிக்கைகளுக்கு உரியதாயிற்று. கீழ் மூலை வெறுமையானது. நாடே வாழ்த்துச் செய்தி அனுப்பியது. கண் அறுவை செய்துகொண்ட பெரியவரும் ஒரு வரி எழுதியிருந்தார்.

மழைக்காலத்தின் முதல் புயல் ஒரு பிற்பகலில் ஆழ்கடலில் உருவானது. கரையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. உடனே கரை திரும்புமாறு எல்லாப் படகுகளுக்கும் எச்சரிக்கை சென்றது. கண்ணில் படும்வரை அது மீண்டும் மீண்டும் தோன்றும்படி இளநங்கையே வடிவமைத்திருந்தாள். வாரியத்தில் அனைவரும் தயக்கமானிப் பலகைமுன் திரண்டார்கள்.

“எல்லாப் படகுலயும் போய்ச் சேர்ந்தாச்சு. ஒரு விரல்கூடத் தயங்கல,” என்றார் பரிதி. “முதல் நாளே இவ்வளவு பழக்கம் எந்த மாற்றத்துக்கும் வந்ததில்ல, நங்கை.”

இளநங்கை எண்களைப் பார்த்தாள். எச்சரிக்கை தோன்றியது, விரல் பட்டது, எச்சரிக்கை மறைந்தது. எல்லாம் கண் இமைக்கும் நேரத்துக்குள்.

“சார், அதுல மூணு வரி இருக்கு.”

“ஆமா.”

“இந்த நேரத்துல யாரும் மூணு வரி படிக்க முடியாதே.”

அருகிலிருந்த கடல் வரைபடத்தில் படகுகள் நின்ற இடத்திலேயே நின்றன. சில, புயலின் திசையை நோக்கி இன்னும் உள்ளே சென்றுகொண்டிருந்தன. ஒன்றுகூடக் கரை திரும்பவில்லை. ஈயை ஓட்டுவதுபோல் அசைந்த அந்த விரல் இளநங்கையின் கண்முன் வந்தது. மேற்பட்டையைப் படிக்காமல் தள்ளிவிட வேண்டும் என்று மூன்று ஆண்டுகளாக நாட்டுக்குக் கற்றுக்கொடுத்தது வாரியமே அல்லவா? கீழே மூலை வெறுமையாக இருந்தால் கடல் சும்மா கிடக்கிறது என்றும் அவர்களுக்குத் தெரியும்.

மாலைப் பேச்சு நேரம் முடிய இன்னும் சில நொடிகளே இருந்தன. அவள் அமலோற்பவத்தை அழைத்தாள்.

“அம்மா, ரெமி லைன்ல இருக்காரா? வைக்காதீங்க.”

“இப்பத்தான் பேசுனான் தாயி. நல்லா இருக்கான். மேல பட்டையில என்னமோ வந்துகிட்டே கெடக்காம். இன்னுமா மன்னிப்புக் கேட்டுகிட்டு இருக்காவ, தள்ளித் தள்ளி வெரலே வலிக்குன்னு சிரிச்சான்.”

“அம்மா, அது...”

“இருங்க, சொல்லி முடிச்சிருதேன். அதுக்கு மேல என்னமோ கேக்க வாயெடுத்தான். ஆனா பொத்தான் வந்துட்டுல்லா? நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே அழுத்திட்டேன். இன்னைக்கு நான் கொஞ்சங்கூடத் தயங்கல தாயி.”