ஆறு நாற்பதுக்கு ஒரு குளிசை

அந்த வெள்ளிக்கிழமை காலை முதியோர் இல்லத்து முன்கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஆஸ்பத்திரியிலிருந்து அன்றுதான் திரும்பியிருந்த செய்னம்பு. அவருடைய மகள் அஸீபா, அஸீபாவின் கணவர் பைறூஸ், அஸீபாவின் தம்பி முனவ்வர், முனவ்வரின் மனைவி நசீறா. வேறெவரும் இருக்கவில்லை. தானும் இருந்ததாகச் சொல்பவர் பொய் சொல்கிறார்.

மறைந்த மஹ்மூது ஹாஜியார் தன் சொந்த வளவில் கட்டிய இல்லம் அது. பதினொரு முதியவர்கள், கடைசி அறையில் அவருடைய மனைவி செய்னம்பு. பகலில் மருந்து கொடுப்பவள் அஸீபா, மாலையில் நசீறா. கொடுத்த கையோடு கட்டிலடியில் தொங்கும் தாளில் எழுத வேண்டும் என்பது ஹாஜியார் வைத்த ஒழுங்கு. அதை மதித்தவள் மருமகள் ஒருத்திதான்.

செவ்வாய்க்கிழமை, நோன்பு திறந்து ஒரு மணித்தியாலத்தில், செய்னம்பு வியர்த்து மயங்கி விழுந்தார். நீரிழிவுக்கான சீனி வருத்தக் குளிசை இரண்டு ஒன்றாகப் போயிருக்க வேண்டும் என்றார் டொக்டர்; மருந்துத் தாளைக் கொண்டுவரச் சொன்னார். தாளில் பகல் குளிசை கொடுத்ததாக அடையாளம் இருந்தது. ஆகவே மாலையில் இரண்டு கொடுத்தவள் நசீறாதான் என்று அஸீபா தீர்ப்புச் சொன்னாள். மூன்று நாளில் அந்தத் தீர்ப்பு கொண்டச்சியிலிருக்கும் நசீறாவின் தாய்வீடு வரை போய்விட்டது.

இப்போது டொக்டருக்குத் தாளோடு கொடுக்க ஒரு கடிதமும் தயாராக இருந்தது. தவறுதலாக இரண்டு கொடுத்துவிட்டேன் என்று நசீறா கையொப்பமிட வேண்டும். இட்டால், இனி எந்த நோயாளிக்கும் அவள் மருந்து கொடுக்க முடியாது.

“குடும்ப மானம் நசீறா. பெருநாள் கழியப் பிள்ளைக்குக் கலியாணம். நீ ஒரு கையொப்பம் வச்சா எல்லாம் முடிஞ்சுது” என்றாள் அஸீபா.

தன் பிழையை அடுத்தவள் தலையில் இறக்கி வைப்பதற்குச் சிலர் வைத்திருக்கும் பெயர் குடும்ப மானம். பைறூஸ் தலையாட்டினார். கதிரையில் இருந்து தலையாட்டுவதைத் தவிர அந்த இல்லத்துக்கு அவர் வேறொன்றும் செய்ததில்லை.

நசீறா கணவனைப் பார்த்தாள். அவன் நிலத்தைப் பார்த்தான்.

“ராத்தான்ர பிள்ளைக்காக… வையன்.”

பன்னிரண்டு வருடம் அவன் தாயையும் அந்த முதியவர்களையும் கழுவித் துடைத்தவள் அவள். கண் நிறைந்தது. பேனாவை எடுத்தாள். பிறகு, மருந்துத் தாளை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றாள்.

மேசையில் விரித்தாள். பகல் நிரலில் ஒரே நீலப் பேனா, ஒரே சாய்வு. செவ்வாய், புதன், வியாழன். நாளை, நாளை மறுநாள், மாதத்தின் கடைசித் திகதி வரை எல்லாம் கொடுத்தாகிவிட்டது. தான் போட்டதைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் அஸீபாவுக்கு என்றுமே இருந்ததில்லை.

“மதினி, புதனும் வியாழனும் மாமி ஆஸ்பத்திரியில. இஞ்ச ஆருக்குக் குளிசை குடுத்தனீங்கள்?”

பதில் செய்னம்புவிடம் இருந்தது. மூன்று நாளாக அவரிடம் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மருமகள் மேல் பழி விழுந்ததே அவருக்கு அன்றுதான் தெரியும்.

“டொக்டர் வேண்டாமெண்டும் நான் நோன்பு பிடிச்சனான். அஸீபாக்குத் தெரியும். குளிசையைத் தலகணிக்குக் கீழ வச்சிட்டுப் போனவள். நோன்பு திறந்த உடன அதை விழுங்கினன். பிறகு நசீறா தந்ததையும் விழுங்கினன். பிழை என்ர. இவள் ஏன் கையொப்பம் வைக்க வேணும்?”

பகல் கட்டம் வெறுமையாக இருந்திருந்தால், நசீறா கேட்காமல் கொடுத்திருக்க மாட்டாள். பொய்யாகப் போட்ட ஓர் அடையாளத்தை நம்பியதுதான் அவள் செய்த ஒரே காரியம். அவள் மாமியின் மடியில் முகம் புதைத்து அழுதாள். செய்னம்பு அவள் தலையைத் தடவிக்கொண்டே, தனக்கு இனி மருந்து தருவது நசீறா மட்டும்தான் என்றார். முனவ்வர் கடிதத்தைக் கிழித்தான். கிழிப்பதற்குத் தைரியம் தேவைப்படாத நேரத்தில்.

தாளை டொக்டரிடம் கொண்டுபோனவள் நசீறாதான்.

மாமியாருக்கு மருமகள் இரண்டு குளிசை கொடுத்தாள் என்று முசலிப் பக்கம் இன்னும் பேசுகிறார்களாம். கொடுத்தது ஒன்று. நேரம் ஆறு நாற்பது. விழுங்கியதைப் பார்த்தேன் என்று தாளில் எழுதி நசீறாவின் கையொப்பமும் இருக்கிறது.