மூன்று மூட்டை வியப்பு

ஹில்டா பர்னாந்து கடலடியில் ஒரு வருடமாகச் சேர்த்த அழுத்த அளவுகள் மொத்தமும் கண் இமைப்பதற்குள் பெருங்கணி என்னும் ராட்சதக் கணினிக்குப் போய்ச் சேர்ந்தன. சுவரில் இருந்த பலகை சொன்னது: "புதியது: சுழியம்."

கடலாய்வுக் கூடத்தில் அத்தனை தலையும் திரும்பியது. பக்கத்து மேசைக்காரர் அவமானம் தொற்றிக்கொள்ளும் என்பதுபோலத் தன் டீ டம்ளரை நகர்த்தி வைத்துக்கொண்டார்.

தூத்துக்குடிக் கூடத்திலிருந்து கோவில்பட்டிப் பெருங்கணிக்குத் தரவு அனுப்ப முன்பெல்லாம் இரண்டே வழி. ஒன்று கம்பி. அதில் ஏற்றிவிட்டால், அனுப்பியவருக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளை இதே கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, "அப்பா, உங்க கோப்பு பாதி போயிட்டு" என்று வந்து சொல்லும். இன்னொன்று லாரி. வட்டுகளை அடுக்கிக்கொண்டு அது கிளம்பினால், வழியில் உள்ள வேகத்தடையெல்லாம் தோசையாகிவிடும்.

அப்புறம் வந்ததுதான் வியப்பனுப்பி. உங்கள் தரவு என்னவாக இருக்கும் என்று பெருங்கணியே முதலில் ஊகித்துக்கொள்ளும். அந்த ஊகம் எங்கே தவறு என்பதை மட்டும் அனுப்பினால் போதும். தவறின் அளவுக்கு 'மூட்டை' என்று பேர் வைத்தார்கள். நிறைய மூட்டை அனுப்பியவர் மேதை. சுழியம் அனுப்பியவர் தண்டச்சோறு. இயக்குநர் வடமலை நாற்பது மூட்டை அனுப்பி, விருதும் ஆளுயர மாலையும் வாங்கியவர்.

அவர்தான் இப்போது ஹில்டாவின் மேசைக்கு வந்து நின்றார்.

"ஏம்மா, யாரைப் பாத்து எழுதினே?"

"கடல்ல கருவியப் போட்டுத்தான் எடுத்தேன் சார்."

"எல்லாரும்தான் போடுதாங்க. உன் கடல் மட்டும் ஊமையா? வெள்ளிக்கிழமைக்குள்ள நிரூபி. இல்லைன்னா உன் மணப்பாட்டுக் கருவியத் தூக்கிருவேன்."

அவருக்கு அவள்மேல் சந்தேகம், அவளுக்கு இயந்திரத்தின்மேல். தரவை விழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடாமல் உட்கார்ந்திருக்கிறதோ?

திருச்செந்தூர்க் கருவியைப் பார்த்துக்கொள்ளும் தளவாய் நாற்காலியோடு உருண்டு வந்தான். "எக்கா, கொஞ்சம் உப்பு போட்டு அனுப்ப வேண்டியதுதானே." உப்பு என்றால் கையால் இட்டுக்கட்டிய எண்கள். "இங்க யாரு போடல?"

"கடலுக்கே உப்பு போடச் சொல்லுதியா? போ, வேலையப் பாரு."

அவள் லாரியைப் பிடித்தாள். வட்டுகள் கோவில்பட்டியில் இறங்கின. ஒப்பிட்டுப் பார்த்தால், பெருங்கணியின் ஊகமும் கருவி அளந்ததும் கடைசி இலக்கம்வரை ஒன்றேதான். இயந்திரம் எதையும் தின்னவில்லை. கடலை அது அவ்வளவு நன்றாக அறிந்து வைத்திருந்தது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஹில்டா கேட்டாள்: "கடலை இது இவ்வளவு சரியா ஊகிக்குதுன்னா, உங்க நாப்பது மூட்டையில ஊகிக்க முடியாதபடி என்ன சார் இருந்துச்சு?"

மின்விசிறிகூட யோசித்துச் சுற்றியது. ஆனால் வடமலை வழுக்குப் பாறையிலும் நிற்கத் தெரிந்தவர். சாயங்காலத்துக்குள் பொய்த் தரவு ஒழிப்புக் குழு ஒன்று பிறந்துவிட்டது, தலைவரும் அவரே. அரை மூட்டைக்கு மேல் அனுப்பினால் விசாரணை, அப்புறம் வேலைநீக்கம்.

இப்போது எல்லோருக்கும் சுழியம் வேண்டும். அதற்குச் சுலபமான வழி இருந்தது. 'என் தரவு என்னவாக இருக்கும்?' என்று பெருங்கணியிடமே கேட்பது. அது சொன்னதை அப்படியே அதற்கே திருப்பி அனுப்புவது. அறிவியல் இத்தனை சொகுசாக என்றைக்கும் இருந்ததில்லை. யாரும் எட்டிப் பார்க்காத கருவிகளுக்குள் நண்டுகள் குடும்பம் நடத்தி, பேரன் பேத்தி எடுத்தன.

ஹில்டா மட்டும் தன் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால்தான் ஒரு மத்தியானம் அவள் கண்ணில் அது பட்டது. மணப்பாட்டுக்கு வெளியே கடலடியில் பெரும் சரிவு ஒன்று இடிந்து இறங்கியிருந்தது. நீரின் அழுத்தம் மளமளவென விழுந்துகொண்டிருந்தது. அனுப்பினாள். மூன்று மூட்டை.

வடமலை புன்னகையோடு வந்தார். "நீயுமாம்மா?"

"சார், அலை வருது. கரையில சங்கு ஊதச் சொல்லுங்க."

"பலகையப் பாரு. மத்த பதினோரு கருவியும் சுழியம்."

"அதெல்லாம் பெருங்கணியோட ஊகம் சார். இந்தச் சரிவு அதுக்குத் தெரியாது."

"அதுக்குத் தெரியாததெல்லாம் பொய்யின்னு நிரூபிச்சதே நீதானம்மா."

இரண்டு கருவிகள் ஒரே சேதி சொன்னால் யாரையும் கேட்காமல் சங்கு தானே ஊதும். ஹில்டா தளவாயிடம் ஓடினாள். "உன் கருவி என்ன காட்டுது?"

"நான் பாக்கலியே எக்கா."

"இப்பப் பாரு."

திரையைத் திறந்தான். அங்கேயும் அழுத்தம் விழுந்துகொண்டிருந்தது.

"அனுப்பு தளவாய். உன் ஒரு வரி போதும்."

"எக்கா, வேலை நிரந்தரமாகி ஒரு மாசம்தான் ஆகுது." போனை எடுத்துத் தோளில் இடுக்கிக்கொண்டான். "அம்மா, அடுப்ப அணைச்சிட்டு மேட்டுத் தெருவுல பெரியப்பா வீட்டுக்குப் போ. கேள்வி கேக்காத, போ." பேச்சுக்கிடையே விரல்கள் பழகிய பொத்தானை அழுத்தின. பலகையில் திருச்செந்தூர்: சுழியம்.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். தன் திரையைத் திறந்தார், மூடினார், போனை எடுத்தார். அடுத்த மேசையிலும் அப்படியே. கொஞ்ச நேரத்தில் கூடம் முழுக்க முணுமுணுப்பு. வடமலை சுவரைப் பார்த்து நின்று, "பிள்ளைகளக் கூட்டிட்டு மாடிக்குப் போ, அப்புறம் சொல்லுதேன்" என்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தார். பலகையில் பதினோரு சுழியங்களும் அசையவில்லை. மணப்பாடு மட்டும் சிவப்பில்: விசாரணைக்கு உரியது.

ஹில்டா மணப்பாட்டில் இருந்த மாமாவைக் கூப்பிட்டாள். "மாமா, எல்லாரையும் மேட்டுக்கு ஏறச் சொல்லுங்க. இப்பவே."

மறுமுனையில் சிரிப்புச் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன. "என்ன புள்ள பயமுறுத்துத? கடல் நல்லா உள்வாங்கிக் கெடக்கு. பிள்ளைகள்லாம் எறங்கி சிப்பி பொறுக்குதுக. உங்க கூடத்துலருந்துதான் இப்பம் போனுக்குச் சேதி வந்துச்சு, கடல் அமைதின்னு."