கரையொதுங்கியோர் நீதி

கடலை நெருங்கியதும் சற்றே தயங்கி இரண்டாகப் பிரியும் நீலியாறு, நடுவிலிருந்த மணல்திட்டை இரு கரங்களாலும் அணைத்துக்கொண்டு ஓடியது. கதிரவன் இன்னும் முழுவதும் மறையவில்லை. அதற்குள் முழுநிலா எழுந்துவிட்டபடியால், மேற்கே பொன்னும் கிழக்கே வெள்ளியுமாக ஆற்றுநீர் தளதளத்துக்கொண்டிருந்தது. திட்டிலிருந்த புன்னை மரங்களுக்கிடையே மூன்று நாட்டுக் கொடிகள் பறந்தன.

அந்த அழகு பவழநங்கையின் கண்ணில் படவேயில்லை. ஆழித்துறை அரசரின் தூதராக அவள் வந்திருந்தாள். அவளுடைய தந்தை, மரக்கலத் தலைவர் சேந்தனார், சென்ற மழைக்காலத்துப் புயலில் கப்பல் உடைந்து தம் மாலுமிகளோடு வேலங்காட்டுக் கரையில் ஒதுங்கியவர். இன்று அந்நாட்டு உப்பளத்தில் காலில் விலங்கோடு உழைக்கிறார். கடல் ஒதுக்கியது பொருளானாலும் மனிதனானாலும் கரைக்குரிய மன்னனுக்கே சொந்தம் என்பது அந்தக் கடற்கரையின் பழைய வழக்கம், வாசகர்களே! ஆழித்துறை ஒன்றுதான் அதைக் கைவிட்டிருந்தது.

"பார்த்து இறங்குங்கள், தேவி. சேறு வழுக்கும்" என்றான் படகோட்டி காடன்.

அதே புயலில் ஆழித்துறைக் கரையில் குற்றுயிராக ஒதுங்கியவன் அவன். கஞ்சி வார்த்துப் பிழைக்கவைத்து, ஊருக்குப் போகலாம் என்று சொன்ன பிறகும் போகாமல் துடுப்பைப் பிடித்துக்கொண்டான். ஏன் போகவில்லை என்பது பவழநங்கைக்குப் புரியாமலில்லை. புரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

சபை கூடியதும் அவள் எழுந்தாள்.

"கரையொதுங்கிய மனிதர் எவருக்கும் அடிமையல்லர், கரையொதுங்கிய பொருள் உரியவருக்கே உரியது. இதை மூன்று நாடுகளுக்கும் பொதுச்சட்டமாக்கி இந்தத் திட்டின் பாறையில் வெட்டுவோம் என்று எங்கள் அரசர் வேண்டுகிறார்."

மணற்குன்றத்து அமைச்சர் மாதவப்பட்டர் தொண்டையைக் கனைத்தார். "சிறந்த யோசனை, அம்மணி! ஆயினும் கல்லில் வெட்டும் அளவுக்கு விஷயம் இன்னும் கனியவில்லை. அடுத்த கூட்டத்தில் ஆலோசிக்கலாம்."

சென்ற கூட்டத்திலும் அவர் இதையேதான் சொன்னார். அதற்கு முந்திய கூட்டத்திலும் இதையேதான் சொன்னார். அரசவைகளில் 'ஆலோசிக்கலாம்' என்றால் என்ன பொருள் என்று வாசகர்களுக்கு நாம் சொல்லவும் வேண்டுமோ?

வேலங்காட்டு மன்னர் உத்தமகண்டரோ நகைத்தார். "என் கரைக்கு நானே சட்டம்! அயலார் எழுதிக் கொடுப்பதற்கு நான் கைகட்டி நிற்பேனா? இந்தப் பேச்சுக்கு இன்றோடு முற்றுப்புள்ளி வைக்கிறேன்" என்றவர், பவழநங்கை திடுக்கிடும்படி, பொற்கிண்ணத்து ஆற்றுநீரை உள்ளங்கையில் ஏந்தினார்.

அந்தத் திட்டில் ஓர் அரசர் நீரேந்திச் சொன்ன சொல் மூன்று நாட்டையும் கட்டும்; சொன்னவராலும் அதை மீறமுடியாது. மூன்று நாட்டாரும் ஒருமனப்பட்டுப் புதிய சட்டம் வகுத்தாலொழிய அது மாறாது.

"கடல் ஒதுக்கியவன் பிச்சைக்காரனாயினும் அரசகுமாரனாயினும் கரைக்குரியவன் உடைமை! மூன்று கரைக்கும் இதுவே வழக்கம்!" என்று முழங்கி நீரை மணலில் விட்டார்.

பவழநங்கையின் கண்கள் இருண்டன. எல்லாம் முடிந்துவிட்டது; இனி அவள் தந்தை உப்பளத்திலேயே மடிவார்.

அப்போதுதான் காவலரை விலக்கிக்கொண்டு காடன் உள்ளே வந்தான். தலைப்பாகையை அவிழ்த்து எறிந்தான்.

"அப்படியானால் நான் ஆழித்துறையின் அடிமை, தந்தையே!"

உத்தமகண்டரின் கையிலிருந்த கிண்ணம் உருண்டது. கடலில் மாண்டான் என்று ஈமக்கடன் முடித்து அவர் அழுது தீர்த்த ஒரே மகன் நந்திகேசரி, தாடியும் கிழிந்த ஆடையுமாக எதிரே நின்றான்!

"உயிரோடிருந்தும் ஏனப்பா சொல்லவில்லை?" அரசரின் குரல் உடைந்தது.

"சொல்லியிருந்தால் என்னை மட்டும் மீட்டிருப்பீர்கள். உப்பளத்தில் கிடப்பவர்களுக்கும் தகப்பன், பிள்ளை உண்டென்று தாங்கள் அறிந்திருக்கமாட்டீர்கள்."

மன்னர் பவழநங்கையிடம் விரைந்து வந்தார். "அம்மா! இன்றே உன் தந்தையை அனுப்பிவிடுகிறேன். என் மகனை என்னிடம் கொடு. நமக்குள் முடித்துக்கொள்வோம், கல்லும் வேண்டாம், சட்டமும் வேண்டாம்!"

தந்தை! இன்றே! 'ஆகட்டும்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். நாவின் நுனிவரை வந்த அந்தச் சொல்லை அவள் விழுங்கினாள்.

"என் தந்தையோடு முப்பது மாலுமிகள் உண்டு, மன்னர்பிரானே! நாளை இன்னொரு கப்பல் உடையும்; அப்போது கைமாற்றிக்கொள்ள அரசகுமாரர் யாரும் அகப்படமாட்டார். தங்கள் மகன் எங்கள் நாட்டில் என்றுமே அடிமையல்லர். அவரை அடிமையாக்கியது தங்கள் சொல்தான். அதை மாற்ற ஒரே வழி, மூவரும் கூடிச் சட்டம் செய்வது."

உத்தமகண்டர் மகனைப் பார்த்தார். வெறுங்காலில் துடுப்புத் தழும்பேறிய கைகளோடு நின்றிருந்தான். அவர் தலை தாழ்ந்தது.

"சிற்பியை அழையுங்கள்."

மாதவப்பட்டர் அவசரமாக எழுந்தார். "இப்பொழுது கனிந்துவிட்டது என்றே எங்கள் அரசரும் கருதுவார்!"

சபை வாய்விட்டுச் சிரித்தது. பவழநங்கையும் அழுதுகொண்டே சிரித்தாள். பாறையில் முதல் உளி விழுந்ததும் மூன்று நாட்டு முரசுகளும் ஒருசேர அதிர்ந்தன.

நந்திகேசரி தந்தையின் வாளைத் தொட்டு நின்றான். "கடைசி மாலுமியின் விலங்கு அறும்வரை அரண்மனை வாயிலை மிதியேன். இது சபதம்!"

"சேந்தனாரின் விலங்கை முதலில் என் கையாலேயே களைகிறேன், மகளே" என்றார் மன்னர்.

"வேண்டாம், மன்னர்பிரானே" என்று நிமிர்ந்தாள் பவழநங்கை. "மாலுமிகள் எல்லாரும் இறங்கிய பிறகே கப்பல் தலைவர் இறங்குவது எங்கள் வழக்கம். அவரைக் கடைசியாக விடுவியுங்கள், இல்லையேல் வரமாட்டார்."