உதட்டைப் பார்த்துக் கேட்பவள்

முதுகுக்குப் பின்னாலிருந்து வந்த குரல் தையல்நாயகிக்குத் தெளிவாகக் கேட்டது. அப்படிக் கேட்டிருக்கவே கூடாது.

"தையலு…"

சிறுவயதில் வந்த விஷக்காய்ச்சலில் மந்தமாகிப்போன காதுகள் அவளுடையவை. பேசுபவரின் உதடு கண்ணில் பட்டால்தான் சத்தம் சொல்லாகும். முகம் திரும்பிவிட்டால் வெறும் இரைச்சல். எண்பத்தொன்பதில் பெருங்களத்தூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஆறு வருடமாகியும் கணவன் சம்பத்திடம்கூட இதை அவள் சொன்னதில்லை. மாமியார் பச்சையம்மா மட்டும் கேலி செய்வாள்: "இன்னாடி, எம் மூஞ்சியயே பாத்துகினு கீறே? சினிமாவா ஓடுது?"

குளியலறையில் வழுக்கி விழுந்து அந்த மாமியார் செத்து இருபது நாள். உடலைக் குளிப்பாட்டும்போது அவள் விரல் முட்டிகள் தோலுரிந்திருந்ததைத் தையல்நாயகி பார்த்தாள். எவ்வளவு நேரம் கதவைத் தட்டியிருப்பாளோ! யார் கண்ணிலும் படாமல் அவசரமாக மஞ்சளை அப்பினாள். "அத்த கூப்பிடவே இல்ல" என்று சம்பத்திடம் சொன்னபோது, அவன் கண்ணைப் பார்க்கக் கூசியது.

இப்போது மூன்று மணி வெயில் சமையலறைத் தரையில் கிடக்க, குளியலறைப் பக்கமிருந்து ஈரமும் சோப்பும் கலந்த வாடை மெல்ல வந்தது. இத்தனை வருடத்தில் ஒருநாளும் அவள் கேட்டறியாத குழாய்ச் சொட்டு, ஒவ்வொன்றாக, அவள் காதுக்குள்ளேயே விழுந்தது.

திரும்பினாள். பட்டறை வேலை முடித்துவந்த சம்பத் நின்றிருந்தான். அவன் உதடு அசைந்தது.

'காபி எதுனா கீதா?' என்றது அவள் கண்.

"கதவத் தட்டனேனே, தையலு" என்றது காது.

அவன் வாய். அவன் அம்மாவின் குரல்.

"கேக்கல அத்த!" அவள் அலறினாள். "சத்தியமா கேக்கல. எனக்குக் காது கேக்காது அத்த. கை தோலுரிஞ்சதப் பாத்தேன். மறைச்சிட்டேன்."

சம்பத்தின் சாப்பாட்டு டப்பா தரையில் விழுந்து உருண்டது. அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை.

'அம்மா கூப்டுச்சா?' அவன் உதடு நடுங்கியது. 'தெரிஞ்சேவா மறைச்சே?'

தையல்நாயகி தலை குனிந்தாள்.

"வுழுந்துட்டேன்டி. வந்து தூக்கு."

நிமிர்ந்தாள். சம்பத்தின் வாய் இறுக மூடியிருந்தது.

"தூக்குடி."

ஜன்னலைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். யாருமில்லை. எங்கும் ஓர் உதடு இல்லை.

"தூக்குடி."

சம்பத் சுவரோடு ஒட்டிக்கொண்டான். அவன் பார்வை அவள் கண்ணில் இல்லை. கொஞ்சம் கீழே.

விரலை உயர்த்தித் தன் வாயைத் தொட்டாள்.

அசைந்துகொண்டிருந்தது.