வைராக்கியப் பட்டை

சிலுவைத்துறையில் அந்த வருடம் பாதி வீடுகளில் ஒரு வைராக்கியம் ஆணியில் தொங்கியது. பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த பெயர் ‘உறுதிகாப்பான்’. அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை. நாலு விரல் அகலத்தில் இடுப்புப் பட்டை. உட்புறம் முதுகுத்தண்டைத் தொடும் இடத்தில் மூன்று மெல்லிய ஊசிகள். காலையில் கட்டிக்கொண்டு கொக்கியை அழுத்தினால் பச்சை விளக்கு எரியும். அது எரியும்போது சொன்ன சொல்லைப் பட்டை வாங்கிக்கொள்ளும். பிறகு மனசு மாறினாலும் கைகால் மாறாது. இன்றைக்குக் குடிக்க மாட்டேன் என்று சொன்னவன் சாயங்காலம் சாராயக் கடை வாசலில் போய் நின்றால், அவன் கால்களே அவனைத் திருப்பி வீட்டுக்குக் கூட்டிவந்துவிடும்.

சூசை பீடியை விட்டது அப்படித்தான். ஐஸ் கம்பெனியில் பதினெட்டு வருடமாக மெஷின் பார்க்கிறவன். ஒரு நாளைக்கு இரண்டு கட்டு. பட்டை கட்டிய முதல் நாலு நாளும் அவனுடைய இடது கை அவனுடைய வலது கையைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தது. கூட வேலை பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஐந்தாம் நாள் அவர்களும் ஆளுக்கொன்று வாங்கினார்கள்.

காலையில் முடிவெடுப்பவர் ஒருவர், மாலையில் கெஞ்சுபவர் வேறொருவர், நாங்கள் முதலாமவருக்கு மட்டும்தான் வேலைக்காரர்கள் என்பது நிறுவனத்தின் விளம்பரம். அதனால் ஒரு விதி வைத்திருந்தார்கள். கொடுத்த சொல்லை மாற்ற வேண்டுமானால் கட்டியவரே, இதயத்துடிப்பு நூற்றுக்குக் கீழே இருக்கும்போது சொல்ல வேண்டும். மூச்சு வாங்கிக்கொண்டு சொல்வதைப் பட்டை காதில் போட்டுக்கொள்ளாது. இந்த விதியைப் பாராட்டாத ஆளில்லை.

சூசையின் மனைவி அமலிக்கு நாற்பத்திரண்டு வயது. துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே பதினைந்து வருடம் ஓட்டிவிட்டாள். சர்க்கரை இருநூற்று எண்பது. நடக்கச் சொன்னார் டாக்டர். ‘திங்கட்கிழமையிலிருந்து’ என்று இவள் சொல்லி எத்தனையோ திங்கட்கிழமை போயிற்று. கடைசியில் சூசைதான் கல்யாண நாளுக்குச் சேலை எடுக்காமல் அவளுக்கு ஒரு பட்டை வாங்கிக் கொடுத்தான். அதை நினைத்து நினைத்து அவன் பிறகு தலையில் அடித்துக்கொண்டான்.

ஆபீஸ் பெண்கள் ஆறு பேர் டிரையத்லானுக்குச் சேர்ந்திருந்தார்கள். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் ஒரே மூச்சில். ஊர்க்காரர்கள் அதற்கு ‘முப்பாடு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அமலியும் சேர்ந்தாள். கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு நீச்சல் தெரியாது. அந்த ஊரில் ஆண்களுக்குக் கடல், பெண்களுக்குக் கரை. நாற்பத்திரண்டு வயதில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று, முகத்தை முக்கி மூச்சுவிடப் பழகினாள். முதல் மாதம் குடித்த உப்புத்தண்ணீருக்கு அளவில்லை. சைக்கிளை விட்டு இறங்கியதும் ஓடிப் பழகிய நாளில், ‘இது என் காலே இல்லங்க’ என்று சொல்லி நடுரோட்டில் உட்கார்ந்து சிரித்தாள். ஆறு மாதத்தில் சர்க்கரை நூற்று முப்பதுக்கு வந்தது. சூசைக்கு அவளை அப்படிப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

மே மாதம் இரண்டாவது ஞாயிறு அவளுடைய முதல் பந்தயம். ஊர்ப் பாலத்தடியிலிருந்து உப்பங்கழியைத் தாண்டி எதிர்க்கரைக்கு ஒன்றரை கிலோமீட்டர் நீச்சல். அங்கிருந்து கள்ளிவிளைக்கு நாற்பது கிலோமீட்டர் சைக்கிள். கள்ளிவிளையிலிருந்து கலங்கரை விளக்கத்துக்குப் பத்து கிலோமீட்டர் ஓட்டம். காலை ஆறு மணிக்குத் தண்ணீரில் இறங்கினாள். சூசை ஸ்கூட்டரில் சுற்றிப்போய்க் கலங்கரை விளக்கத்தடியில் காத்திருந்தான். பத்து ஐம்பதுக்கு, கடைசியிலிருந்து மூன்றாவது ஆளாக, முகமெல்லாம் உப்புப் பூத்து, அமலி கோட்டைத் தாண்டினாள். கழுத்தில் மெடலைப் போட்டார்கள். அவள் அழுதாள், இவனும் அழுதான்.

அவள் அவனை நோக்கி இரண்டு அடி வைத்தாள். மூன்றாவது அடிக்கு உடம்பு திரும்பிக்கொண்டது. வந்த பாதையிலேயே அவள் ஓட ஆரம்பித்தாள்.

ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சூசையும் சிரித்துக்கொண்டே பின்னால் ஓடினான். அவள் திரும்பிப் பார்த்த முகத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

“என்னங்க, நான் ஓடல. இது ஓடுது.”

பட்டையிலிருந்து நிதானமான ஒரு குரல் கேட்டது. “போனது முடிந்தது. வருவது மீதம்.”

எதை வைத்து அப்படிச் சொல்கிறது என்று அவள் கத்திக் கேட்டாள். பட்டை அவளுடைய குரலையே அவளுக்குப் போட்டுக் காட்டியது. காலையில் வாசல்படியில் பதிவானது. ‘இன்னைக்கு நீஞ்சி, மிதிச்சி, ஓடி முடிக்காம நிக்க மாட்டேன்.’ அவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். பச்சை விளக்கு அணைவதற்குள் சூசை உள்ளேயிருந்து வந்திருக்கிறான். நம் பக்கம் வீட்டைவிட்டுக் கிளம்புகிற யாரும் ‘போறேன்’ என்று சொல்வதில்லை. சொன்னால் வாயில் போடுவார்கள். அவளும் எல்லோரையும்போலச் சொல்லியிருந்தாள். ‘போயிட்டு வாரேன்.’

நீந்தி, மிதித்து, ஓடிப் போய்விட்டு, வர வேண்டும். பட்டைக்கு அது ஒரே வாக்கியம்.

பந்தயத் தொண்டர்கள் நாலு பேர் அவளை மறித்துப் பிடித்தார்கள். பிடிக்கப் பிடிக்கக் கால்கள் தரையை உதைத்தன. வலது முழங்காலில் ஏதோ சொடுக்கென்றது, அமலி அலறினாள், விட்டுவிட்டார்கள். பட்டையை அறுத்துவிடலாம் என்று ஒருவர் கத்தரி கொண்டுவந்தார். ஆம்புலன்ஸில் வந்திருந்த டாக்டர் அவர் கையைத் தட்டிவிட்டார். ஓடும்போது ஊசியைப் பிடுங்கினால் மூச்சு நரம்பு நின்றுவிடுமாம். மின்சாரம் தீர்ந்தால் நிற்குமே என்றான் சூசை. கட்டியவர் அசைய அசைய அது தானே ஏற்றிக்கொள்ளும் என்று யாரோ சொன்னார்கள். அதுவும் விளம்பரத்தில் வந்ததுதான்.

சூசை ஸ்கூட்டரை அவள் பக்கத்தில் ஓட்டிக்கொண்டே நிறுவனத்துக்குப் போன் போட்டான். பேசிய பெண் மரியாதையாகப் பேசினாள். துடிப்பு நூற்றுக்குக் கீழே வந்து அவர்களே சொன்னால் உடனே நின்றுவிடும், வேறு வழி வைக்கவில்லை என்றாள். வீட்டில் என்னிடம் சொன்ன வார்த்தைதானே, நானே இங்கே அவள் பக்கத்தில் வந்துவிட்டேனே, வந்ததாகக் கணக்கு வைக்கக் கூடாதா என்று கேட்டான். அந்தப் பெண் யாரிடமோ விசாரித்துவிட்டு வந்தாள்.

“நீங்க அங்க போனா அது நீங்க வந்தது சார். அவங்க வந்ததாகாது.”

உச்சி வெயிலில் பத்து கிலோமீட்டரைத் திரும்ப ஓடினாள். சூசை தலையில் தண்ணீர் ஊற்றினான், வாயில் ஊற்றினான். பாதி வெளியே வழிந்தது. பட்டையின் முதுகுப்புறம் துடிப்பு எண் சிவப்பில் தெரியும். நூற்று எழுபத்தெட்டு. கள்ளிவிளையில் அவள் சைக்கிள் சாய்த்த இடத்திலேயே நின்றது. கைகள் அதைத் தேடி எடுத்துக்கொண்டன.

சைக்கிளில் ஏறியதும்தான் சூசைக்கு அந்த யோசனை வந்தது. ஸ்கூட்டரை அவளுக்குப் பின்னால் ஒட்டிக் கொண்டுபோய், இடது கையை அவள் முதுகில் வைத்துத் தள்ளினான். இவன் தள்ளத் தள்ள அவள் காலுக்குப் பளு குறைந்தது. கால்கள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன, ஆனால் சும்மா சுற்றின. எண் இறங்கியது. நூற்று ஐம்பத்தெட்டு. நூற்று நாற்பது.

“எறங்குது அமலி. எறங்கிட்டே இருக்கு பாத்துக்க.”

“பேசாதீங்க. பேசினா ஏறுது.”

அதற்குப் பிறகு இருவரும் வாய் திறக்கவில்லை. இருபத்திரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போலப் பேசாமல் இருந்ததில்லை. உப்பளங்கள் போயின, பனங்காடு போயிற்று. தோள்பட்டை விண்ணென்று தெறித்தது, கையை எடுக்கவில்லை. நூற்று இருபத்தொன்று. நூற்றுப் பன்னிரண்டு. நூற்றெட்டு. மாதாவே, ஒரு பத்து கிலோமீட்டர் ரோடு கூடக் கொடு என்று மனசுக்குள் கெஞ்சினான். நூற்று நான்கில் ரோடு முடிந்துவிட்டது. எதிரே கழி.

சைக்கிளை விட்டு இறங்கி மணலில் ஓடத் தொடங்கியதும் எண் நூற்று ஐம்பதுக்குத் தாவியது. சூசை வாய்விட்டு அழுதான். அவள் அழவில்லை. உதடு வெடித்திருந்தது, பார்வை அவன்மேல் நிற்காமல் நழுவியது.

“வீட்டப் பூட்டிட்டா வந்தீங்க?”

“இல்ல. தெறந்துதான் கெடக்கு.”

“சரி,” என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் போனாள்.

கரையில் இன்னாசி அண்ணனின் ஃபைபர் படகு நின்றது. விஷயம் கேள்விப்பட்டு ஊரிலிருந்து கொண்டுவந்திருந்தார். சூசை ஏறிக்கொண்டான். அமலியை ஒட்டியே படகை விட்டார்கள். மிதவையை அவள் மாருக்குக் கீழே தள்ளிப் பார்த்தார்கள். கைவீச்சு அதை ஒதுக்கித் தள்ளியது. பாதிக் கழி தாண்டியிருப்பார்கள். நூற்று எழுபத்தொன்று என்றிருந்தது, நூற்று எண்பத்தாறு ஆயிற்று, பிறகு ஒரேயடியாகத் தொண்ணூறு.

பட்டையின் குரல் தெளிவாகக் கேட்டது. “துடிப்பு நூற்றுக்குக் கீழே உள்ளது. உறுதியை மாற்ற விரும்பினால் இப்போது சொல்லலாம்.”

சூசைக்கு உயிர் வந்தது. படகின் விளிம்பில் குப்புறக் கவிழ்ந்துகொண்டு கத்தினான்.

“சொல்லு அமலி. நிக்கேன்னு சொல்லு. ஒரு வார்த்த சொல்லிரு.”

முகம் மூச்சுக்குத் திரும்பவில்லை. கைகள் மாறி மாறி வீசிக்கொண்டிருந்தன. நாற்பத்தொன்று. பன்னிரண்டு. பிறகு எண் இருந்த இடத்தில் ஒரு பூஜ்யம் நின்றது. பட்டை பத்து விநாடி பொறுத்துப் பார்த்தது. “மாற்றம் இல்லை. தொடர்கிறது.”

சூசை குதித்தான். அவளைக் கட்டிப்பிடித்துப் புரட்டினான். முகம் மேலே வந்தது, கண் திறந்திருந்தது. கைகள் அவன் நெஞ்சில் மோதி மோதி வழி தேடின. இன்னாசி அண்ணன் இவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். “விட்டுரு சூச. அவ போயிட்டா. அது வரட்டும்.”

மாலை நாலரை மணிக்கு அது பாலத்தடியில் கரையேறியது. ஊரே தெருவில் நின்றது. மெடல் கழுத்தில் ஆட, தலை மார்பில் தொங்க, கோயில் தெரு வழியாக நேரே நடந்து வந்தது. பலபேர் முழந்தாள் போட்டார்கள். சில பேர் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தினார்கள். திறந்து கிடந்த வாசலின் படியில் இரண்டு காலையும் வைத்ததும் நின்றது. “உறுதி நிறைவேறியது” என்றது பட்டை. அப்புறம்தான் அமலி விழுந்தாள்.

நிறுவனம் மன்னிப்புக் கேட்டு இரண்டு பக்கக் கடிதம் எழுதியது. கருவியில் கோளாறு எதுவும் இல்லை, சொன்ன சொல் காப்பாற்றப்பட்டது என்று இரண்டாம் பக்கத்தில் இருந்தது. சூசை கடிதத்தைக் கிழித்தான். பட்டையை உடைத்து அடுப்பில் போட வேண்டும் என்று நினைத்து, உடைக்க மனசு வராமல் பீரோவில் வைத்துப் பூட்டினான்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு, இன்னாசி அண்ணனின் மனைவி பிலோமினா மட்டும் போகாமல் உட்கார்ந்திருந்தாள். சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே அமலியின் பட்டையைத் தருவாயா என்று கேட்டாள். சூசைக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் ஆத்திரம் வந்தது. அன்றைக்கு நடந்ததை உன் வீட்டுக்காரர் உன்னிடம் சொல்லவில்லையா, அதையா கேட்கிறாய், எழுந்து போ அக்கா என்றான்.

அவள் எழுந்திருக்கவில்லை.

“சொன்னாரு. சொன்னதுனாலதான் வந்தேன். எங்க பய ஆரோக்கியம் கடல்ல போயி ரெண்டு வருசமாச்சி. வெறும் சட்டைய வச்சித்தான குழிய மூடுனோம். ஒனக்கு மூடுறதுக்கு ஒரு ஒடம்பு வந்துச்சில்ல தம்பி.”

அவள் தாழ்ந்த குரலில், கடைக்காரனிடம் மாத்திரையின் அளவு கேட்பதைப்போலக் கேட்டாள். “பச்சை எரியும்போது அது மட்டும் சொன்னாப் போதுமா? கூட வேற எதாவது சொல்லணுமா?”

அவன் பீரோச் சாவியை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

“அது மட்டும் போதும்,” என்றான்.

இன்னாசி அண்ணன், நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்குகடலுக்குக் கிளம்பிய காலையில் சூசை ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தான். அதற்குள் செய்தி பரவி, கரையில் பாதிப் பெண்களின் கையில் பட்டை இருந்தது. பீடியை விடுவதற்கும் பரீட்சைக்கும் வாங்கியவை. ஆண்கள் மறுபேச்சில்லாமல் கட்டிக்கொண்டார்கள். இன்னாசி அண்ணனும் கட்டிக்கொண்டார், கொக்கியை அழுத்தினார், பச்சை எரிந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. அவர் அந்தக் கழியில் அந்தக் கைகளைப் பார்த்தவர். சூசையை ஒரு தரம் பார்த்தார். சூசை குனிந்து ஐஸ் பாரைத் தள்ளினான்.

“சொல்லுங்க,” என்றாள் பிலோமினா.

“போறேன் பிலோ.”

அந்தக் கரையில் எந்த ஆணும் எந்தப் பெண்ணிடமும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. சுற்றி நின்ற பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பிலோமினா கோபப்படவில்லை. இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒழுங்காச் சொல்லுங்க.”

முப்பது வருடம் அவளோடு வாழ்ந்தவர். “போயிட்டு வாரேன்,” என்றார். அவர் வேறு எதுவும் சேர்த்துச் சொல்லிவிடாதபடி, பச்சை அணையும்வரை அவள் அந்தக் கையை விடவில்லை.