உப்பில்லாப் பத்தியம்

உப்புப் பெட்டி பூட்டியபடியேதான் இருந்தது. ஆனால் அதன் வெளிப்பலகை நனைந்திருந்தது.

பங்குனி வெயில் முட்டம் கடற்கரைப் பாறைகளைச் சுட்டுக்கொண்டிருந்த உச்சிப்பொழுதில், கூரை ஒழுக வழியே இல்லை. ததேயுஸ் தொட்டுப் பார்த்தான். பிசுபிசுத்தது. அடுப்படி மூலையில் அவன் மனைவி இசபெல் வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தை மாதத்திலிருந்தே அவள் இளைத்துக் கறுத்து வந்தாள். முதலில் விரல் மூட்டு, பிறகு உள்ளங்கை ரேகை, கடைசியில் நாவல்பழம் தின்றவள்போல ஈறு. "சிறுநீரகத்துக்கு மேலே ரெண்டு சின்னச் சுரப்பி உண்டு. அது காய்ஞ்சிட்டுது. அதுல ஊறுத சத்தைப் பத்தி இப்பத்தான் சீமையில ஆராய்ச்சி நடக்கு. மருந்துக்கு எழுதியிருக்கேன், பொறுத்திரு" என்றார் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர். கண்ணெதிரே பெண்டாட்டி உருகும்போது யாரால் பொறுக்க முடியும்? அவன் நாட்டு வைத்தியரிடம் போனான். நாற்பத்தொரு நாள் உப்பில்லாப் பத்தியம். ஒரு கல் உள்ளே போனாலும் மருந்து விஷமாகும் என்றார் அவர்.

"ஒரே ஒரு கல்லு தாருங்க. பச்சத்தண்ணி கூட எறங்கல்ல."

"பத்தியம் முறிஞ்சா நீ பொழைக்க மாட்டியாம்லா. கொஞ்சம் பொறுட்டி."

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று ஊரெல்லாம் சொல்லும். அந்தப் பழமொழி அன்றைக்கு அவனுக்கு நினைவு வரவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கியது. கடலின் இரைச்சலுக்கும் கருவாட்டு வாடைக்கும் நடுவே, சொரசொரப்பான எதன்மேலோ ஈரமான ஏதோ ஒன்று மெதுவாக, விடாமல் உரசும் சத்தம். பலகையை நக்கினாள். கருவாட்டுச் சாக்கை நக்கினாள். ஒரு மத்தியானம் அவன் கண்ணயர்ந்தபோது உள்ளங்கையில் சில்லென்று ஏதோ ஊர்ந்தது. விழித்தான். குனிந்த கறுத்த முகம். கறுத்த ஈறு. நாக்கு.

அலறிக் கையை இழுத்துக்கொண்டான். இது இசபெல்தானா? அவளுக்குள் வேறு எதுவும் வந்து உட்கார்ந்திருக்கிறதா? அவன் மீனுக்கு உப்பிடும் கொட்டகையில் வேலை செய்கிறவன்; கையெல்லாம் உப்பு. மறுநாளிலிருந்து கிணற்றடியில் மூன்று முறை கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்தான்.

பத்தியத்தின் பத்தொன்பதாம் நாள் அவளால் தலை தூக்க முடியவில்லை.

"கைய ஒருக்கா தாங்க."

கொடுத்தான். அவள் உதட்டில் வைத்துப் பார்த்தாள்.

"கழுவிட்டீங்களா?" என்றாள். கோயிலில் அந்தி மணி அடிக்குமுன் அடங்கிவிட்டாள்.

அடக்கம் முடிந்த ஐந்தாம் நாள் டாக்டரின் கடிதம் வந்தது. உபதேசியார் ஏசுஅடிமை அவனுக்கு வாசித்துக் காட்டினார். 'மருந்து வரத் தாமதமாகும். அதுவரை இசபெல்லுக்கு உப்பை அள்ளிக் கொடு. இந்த நோயில் உடம்பிலுள்ள உப்பெல்லாம் வெளியேறிவிடுகிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அவள் கேட்கும் உப்பே அவளுக்கு உயிர்.'

ததேயுஸ் கொட்டகைக்கு ஓடினான். உப்புக் குவியலில் முழங்கைவரை கையைப் புதைத்தான். ஒரு பிடி அள்ளிக்கொண்டு கிணற்றைத் தாண்டி நேரே வீட்டுக்குள் வந்தான். பட்டப்பகல். அடுப்படியில் யாரும் இல்லை. உட்கார்ந்து கையை விரித்து நீட்டினான்.

"கழுவல்லட்டி. இன்னா, தின்னு."

கடல் இரைந்தது.

பிறகு, அந்தச் சத்தம்.

பெட்டியருகே. சாக்கருகே. பக்கத்தில்.

உள்ளங்கையில் சில்லென்றது. எதிரே யாரும் இல்லை. உப்புக் கற்கள் ஒவ்வொன்றாக நனைந்து கரைந்தன. இந்தத் தடவை அவன் கையை இழுக்கவில்லை.

உப்பு தீர்ந்தது. நாக்கு நிற்கவில்லை.

மணிக்கட்டு. முழங்கை. தோள்.

ததேயுஸ் அழுதுகொண்டிருந்தான். கண்ணீர் வழிந்த கன்னத்தில் அது வந்து, மெதுவாக, நக்கத் தொடங்கியது.